நீலப் பை நாலு நாள்

அப்பா இருந்தார். அம்மா இருந்தார். அக்கா இருந்தாள். நான் இருந்தேன், வயது பத்து. ஹோலில், சோபாவில், சித்தப்பா இருந்தார். அந்தக் குளிர்காலத்தில் சிட்னியிலிருந்து ஒரு இரவு பஸ் தூரத்தில், ரோவில் என்ற புறநகரில், எங்கள் வீட்டில் இவ்வளவு பேர்தான்.

ஹோலில் ஒரு பெலட் அடுப்பு. மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குச்சிகள்தான் பெலட். மேலே கொட்டிவிட்டால் அடுப்பு தானே எடுத்து எரிக்கும். கடையில் மூன்று கொம்பனிப் பெலட் இருந்தன. எது கூட நாள் எரிகிறது பார்ப்போம் என்று அப்பா மூன்றிலும் ஒவ்வொரு பை வாங்கி வந்தார். எல்லாம் பதினைந்து கிலோ.

சிவப்புப் பை இரண்டு நாளில் முடிந்தது. பச்சையும் இரண்டு நாள், சாம்பல்தான் அதிகம். நீலப் பையை வெட்டிய அன்று சித்தப்பா வந்து சேர்ந்தார். அகதியாகப் படகில் வந்தவர். முகாமிலிருந்து விட்டிருந்தார்கள், வேலை செய்ய அனுமதி கொடுக்கவில்லை. சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு வாங்க மாட்டார். யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை.

நீலப் பை நாலு நாள் எரிந்தது.

அப்பா முப்பது பை இறக்கினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். பக்கத்துத் தெரு அங்கிள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்.

"என்ன அண்ணை, எங்களுக்கு ரெண்டு நாள்தானே வருது?"

"உமக்கு அடுப்பு வைச்சிருக்கத் தெரியேல்லை, ஐசே."

ஒரு விடியற்காலை ஒண்டுக்குப் போக எழும்பினேன். அடுப்பு அணைந்து கிடந்தது. சித்தப்பா ஜாக்கெட், தொப்பி, இரண்டு சோடிக் காலுறையோடு அதன் முன் குந்தியிருந்து பட்டனை அமத்திக்கொண்டிருந்தார். அவர் மூச்சு புகையாக வந்தது.

"ஏன் சித்தப்பா நூத்தனீங்கள்?"

"எனக்கு வேர்க்குதடா. நீங்கள் படுத்தாப் பிறகு நூத்துப்போட்டு, எழும்ப முதல் கொளுத்துவன். எல்லாரும் வேலை, பள்ளிக்கூடம் எண்டு போனாலும் நூப்பன். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை."

"குளிரேல்லையோ?"

"கடலிலை கிடந்த உடம்பு. குளிராது."

படகில் வந்தவர்களுக்குக் குளிராது என்று நம்பினேன். பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் படுக்கும் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிறகு அனுமதி வந்தது. சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் வேலை கிடைத்துச் சித்தப்பா போனார். அடுத்த குளிருக்கு அதே நீலப் பை இரண்டு நாளில் முடிந்தது. அப்பா கடைக்காரனோடு சண்டை பிடித்தார். பிறகு சித்தப்பாவுக்குப் போன் போட்டார்.

"நீ போன பிறகு பெலட் சரியில்லையடா."

"ஓம் அண்ணை. இப்ப எல்லாம் கலப்படம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ரகசியம் காத்த பெருமை எனக்கு.

எத்தனையோ வருடம் கழித்து, போன ஜூலைக் குளிரில் அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போயிருந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு அந்த ஹோலில் படுத்துப் பார்த்தேன். ஒரு இரவு. விடியும்வரை கண் மூட முடியவில்லை.

சித்தப்பா வந்தது ஜூன் முதலாம் திகதி. சிட்னி பஸ் ஏறியது செப்டம்பர் பத்தொன்பது. விரல் மடக்கி எண்ணினேன்.

நூற்றுப் பத்து இரவு.