ஷெரிப் வேதத்துக்கு மாறியது

குட்மேய்ஸ் என்ற இங்கிலிஷ்காரர் ஊரில் நான் இருக்கும் வீட்டின் மேல் அறையில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் வேலை. நான் கீழ் அறை. கடையில் தட்டுகளில் சாமான் அடுக்குகிறவன். இருவருக்கும் சமையலறை ஒன்று.

வாசித்து முடித்த இங்கிலிஷ் புத்தகங்களை எனக்குத் தருவார். எல்லாம் ஒரே வரிசை. அமெரிக்காவின் மேற்குப் பக்கம், மலையும் குதிரையும் உள்ள ஊர். அங்கே ஷெரிப் என்றொருவன் கொலைகாரர்களைப் பிடிப்பான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விரலை வைத்துத்தான் வாசிப்பேன். ஒரு புத்தகத்துக்கு மூன்று மாதம் போகும். தேநீர் ஊற்றும்போது, "ஷெரிஃப் எங்க வரைக்கும் வந்துட்டார்?" என்று கேட்பார். சொல்வேன். வீட்டில் என் பேச்சு அவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் அவருக்கு ஸ்கொட்லாந்தில் வேலை கிடைத்தது. கிறிஸ்மஸுக்கு மறுநாள், பொக்சிங் டே காலை, சாமான் ஏற்ற வான் வரும். ஒரு மெல்லிய புத்தகம் தந்தார். அதே வரிசையில் கிறிஸ்மஸுக்கென்று எழுதிய சின்னக் கதை.

"நான் போறதுக்குள்ள படிச்சிடுங்க அண்ணே. யார் கொலைகாரன்னு நீங்க சொல்லாம நான் வண்டி ஏற மாட்டேன்."

முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் போனபிறகு இதைப் பேச ஆளில்லை.

கிறிஸ்மஸ் அன்று வேலை இல்லை. பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. காலையிலிருந்து கட்டிலில் இருந்து வாசித்தேன். கதையில் பனி வீதியை மூடிவிட்டது. பெட்ரோல் நிலையமொன்றில் ஆறு பேர் அகப்பட்டிருக்கிறார்கள். ஒருவன் செத்துக் கிடக்கிறான். ஷெரிப் வந்தான். இடுப்பில் இருந்த துவக்கைக் கீழே வைத்தான். முழந்தாளில் நின்று யேசுவைக் கும்பிட்டான்.

அங்கே நின்றுவிட்டேன். அவன் முஸ்லிம் என்றுதான் நாலு புத்தகமும் வாசித்திருந்தேன். ஊரில் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்களுக்கு அந்தப் பெயர் உண்டு. பின்னால் வந்த பெயரைத் தகப்பன் பெயர் என்று விட்டுவிட்டேன். குடித்தான். குடிக்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

மேலே போனேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஷெரிப் எப்ப வேதத்துக்கு மாறினவர்?"

"வேதமா? குதிரை ஓட்டுறவர் எதுக்குண்ணே வேதம் படிக்கணும்?"

"படிக்கிறேல்லை. கிறிஸ்தவராய் மாறினது. முஸ்லிம் ஆள் எல்லோ?"

கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்தார். "அண்ணே, ஷெரிஃப் பேரு இல்ல, உத்தியோகம். அந்த ஊர் போலீஸ்." பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தார். "நாலு புக்கா அவரை பாய்னா நெனச்சீங்க?"

"ஓம். நோன்பு பிடிக்கேல்லை எண்டு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது."

அதற்கு இன்னும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று அங்கேயே சாப்பிட்டேன். வாசிப்பு நின்றுபோனது.

மறுநாள் வான் வந்தபோது பதினாலு பக்கம் மீதி.

"யாருண்ணே கொலைகாரன்?"

"இன்னும் முடியேல்லை."

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். முடிச்சிட்டு நானே சொல்லுறன்."

பகல் இரண்டு மணிக்கு முடித்தேன். பெட்ரோல் நிலையக்காரனின் மனைவி. நான் லொறிக்காரனை நினைத்திருந்தேன். அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணே, ரோட்ல இருக்கேன், ஒண்ணும் கேக்கல. அப்புறம் கூப்பிடட்டுமா?"

"ஓம் தம்பி. பாத்துப் போங்கோ."

தை மாதம் கூப்பிட்டார். புது வேலையைப் பற்றியும் அங்கத்தைய குளிரைப் பற்றியும் சொன்னார். புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.