மண்டையோட்டுச் சட்டை

திருவொற்றியூரில் ஒரு தியேட்டரில் கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிறேன். படம் பார்ப்பது என் வேலை இல்லை. ஆனாலும் காதில் விழும்.

போன வருஷம் ஒரு பேய்ப் படம் வந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தான். பேய் குறைவு, ரத்தம் அதிகம். ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு அறுப்பான். அவள் கத்துவாள். அவள் கத்தக் கத்த உள்ளே விசில் பறக்கும். அழுகைக்கு விசில் அடிக்கிற ஜென்மங்கள். எடுத்தவனும் அதே ஜென்மம்.

விசில் அடித்ததில் பாதி, பள்ளிக்கூடப் பசங்கள். யூனிபார்ம் சட்டைக்கு மேலே ஒரு டீ-ஷர்ட் மாட்டிக்கொண்டு வருவார்கள். அவ்வளவுதான் வேஷம். கீழே பள்ளிக்கூடப் பேன்ட் அப்படியே இருக்கும். அதை மாற்ற மூளை இல்லை. அந்த மூளைக்குத்தான் அந்தப் படம்.

ஒருத்தன் மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டையில் வந்தான். மண்டையோட்டுக்கு ஒரு கண் உரிந்துபோயிருந்தது. நிறுத்தினேன்.

“இன்னா நைனா, மூஞ்சப் பாக்காம பேன்ட்டப் பாக்கற?”

“பேன்ட்டு பொய் சொல்லாது. வூட்டுக்குப் போ.”

“கழட்டிட்டு வந்தா வுடுவியா?”

கூட வந்த பசங்கள் சிரித்தார்கள். மேனேஜர் எட்டிப் பார்த்து, “ஹாலு காத்தாடுது, உள்ள வுடுய்யா” என்றார். விட்டேன்.

மறுநாள் எங்கள் தெருச் சங்கத் தலைவர் ஆட்களோடு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மனு.

“ரத்தத்தக் காட்டி சம்பாரிக்கிறீங்களே, சோறு எறங்குதா? பசங்க மனசு இன்னாத்துக்கு ஆவும்?”

டிக்கெட் கிழிக்கிறவனிடம் கேட்டது தப்பு. கேள்வி சரி. மனுவில் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் முறைத்தார்.

அந்த வாரமே என் தங்கச்சி புருஷன் போய்விட்டான். எண்ணூரில் கம்பெனி வேலை முடித்து பைக்கில் வந்தவன், எர்ணாவூரில் கண்டெய்னர் லாரிக்கு அடியில் போனான். ஆஸ்பத்திரியில் நான்தான் பார்த்தேன். மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். தங்கச்சி முகத்தைத் திறக்கச் சொல்லிக் கத்தினாள். நான் விடவில்லை. காலையில் வேலைக்குப் போன முகம் அவளுக்கு இருக்கட்டும். அது ஒன்றுதான் என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது.

உடலை எடுத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என் செல்லில் தெரு குரூப்பில் ஒரு வீடியோ. ரோட்டில் அவன் கிடக்கிறான். “நெஞ்சு பதறும் காட்சி. அனைவரும் பகிரவும்.” கீழே கும்பிடுகிற கை. அனுப்பியது தலைவர்.

தங்கச்சியும் அந்த குரூப்பில் இருந்தாள். அவள் செல் டிவி பக்கத்தில் கிடந்தது. எடுத்து அணைத்து மடியில் செருகிக்கொண்டேன்.

அவள் கண்ணில் பட்டால் என்ன படும் என்று தெரிய வேண்டும். அதனால் வீடியோவை முழுக்கப் பார்த்தேன். சுற்றிலும் பெரிய மனுஷர்கள், கையைத் தூக்கிச் செல்லைப் பிடித்துக்கொண்டு. இதற்கு டிக்கெட் இல்லை, வயசு பார்க்க ஆள் இல்லை. கடைசியில் ஒரு பையன் உள்ளே நுழைந்து மேல்சட்டையைக் கழற்றினான். அடியில் பள்ளிக்கூடச் சட்டை. கழற்றியதை முகத்தின் மேல் போட்டான். ஒற்றைக் கண் மண்டையோடு.

“டேய், மறைக்காதடா” என்றது படம் பிடித்தவன் குரல்.

காரியத்துக்குத் தலைவர் வந்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என் பக்கம் வந்தார்.

“அடுத்த வாரம் இன்னொரு கலீஜ் படம் வருதாம். மனு ரெடி. நீ போட்டா வெயிட்டு.”

“செல்லக் குடு.”

கொடுத்தார். வீடியோவைத் தேடி அழித்தேன்.

“ரோட்ல ஜாக்கிரதையா போவட்டும்னுதாம்பா அனுப்சேன்.”

“பேய்ப் படம் எடுக்கறவனும் கடைசில இப்டித்தான் ஒரு நீதி சொல்றான்.”

“பசங்களும் நானும் ஒண்ணா?”

“இல்ல. அவன் சட்டயக் கழட்டினான்.”

மனுவை நீட்டினார். வாங்கி மடித்து, செல்லோடு சேர்த்து அவர் ஜேபியில் வைத்தேன். போனார்.

ஒரு ஆளின் செல்லில் அழித்தால் ஊரில் அழியாது. தங்கச்சி செல்லில் அழித்து, அவளை குரூப்பிலிருந்தும் எடுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் யாரோ சொல்லிவிட்டார்கள். சாயந்தரம் கேட்டாள்.

“ண்ணா, வீடியோ கீதாமே. பாத்தியா?”

“ம்.”

“அவரு மூஞ்சி தெரியுதா?”

“ஒரு பையன் சட்டயப் போட்டு மூடிட்டான். நீ பாக்காத.”

கையிலிருந்த செல்லைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

“யாரு வூட்டுப் புள்ளயோ. சட்ட போச்சே அவனுக்கு.”

செல்லை அலமாரியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

அடுத்த ரத்தப் படத்துக்கு அந்தப் பையன் வந்தான். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றான்.

“இன்னா நைனா, இன்னிக்கு மேல்சட்ட கூட இல்ல. வுடு.”

“தெரியும். வூட்டுக்குப் போ.”

மேனேஜர் கத்தினார். கத்தட்டும். அவனை மட்டும் இந்தக் கருமத்துக்குள் விட மாட்டேன்.