நாய்கள் தூங்கிய வேனும் தெளிந்த கண்ணாடியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிலிமத்தலாவையில் கடை கட்டினேன், மண் சரியும் மேட்டில் வீடு கட்டினேன், பழைய இரும்புக்குப் போடச் சொன்ன வேனைப் படுத்துத் தூங்கும் வீடாக்கினேன். அதில் மனைவியோடும் நாய்களோடும் ஊர் சுற்றக் கிளம்பினேன்; அந்த வேன் இன்று காலை ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு தேநீர்க்கடை முன்னால் கண் தெரியாமல் நிற்கிறது. எங்கள் மூன்று நாய்களும் இரவெல்லாம் விட்ட மூச்சு கண்ணாடியில் தண்ணீராக வழிகிறது. ஈரத்தை இழுக்க நான் வைத்த உப்பையும் அவையே நக்கிவிட்டன.

“நாளைக்கும் இப்படின்னா நான் பஸ்ல வீட்டுக்குப் போயிருவேன்,” என்கிறாள் மனைவி.

பக்கத்து பெஞ்சில், தேயிலைத் தொழிற்சாலையில் பறித்த கொழுந்தைக் காற்றில் வாட்டும் வேலை செய்யும் செல்வி, நான் கட்டியதையெல்லாம் பெருமையாகச் சொல்வதைக் கேட்டபடி தேநீர் குடிக்கிறாள்.

“எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டு உப்பு வச்சா ஆகுமா, ஐயா? கொழுந்து வாடணும்னா காத்து ஒரு பக்கம் நொழைஞ்சு மறு பக்கம் போகணும். ரெண்டு பக்கமும் தொறந்து வைங்க.”

“நாய் குதிச்சிராதா?”

“அத்தனையும் கட்டுன ஆளு, அதுக்கு ஒரு வழி பண்ண மாட்டீங்களா?”

விடுவேனா! கம்பிவலை வாங்கி, எதிரெதிர் ஜன்னல்களில் அன்றே அடிக்கிறேன்.

மறுநாள் விடிகிறது. கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை! நான் ஹோர்ன் அடித்துக் கூத்தாடுகிறேன், நாய்கள் சேர்ந்து குரைக்கின்றன. மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டு, “செல்வி கெட்டிக்காரி,” என்கிறாள்.

காற்று செல்வியின் யோசனை, ஒத்துக்கொள்கிறேன். வலை அடித்தது யார்? இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும் என் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.