ஏழு சலாது இலைகள்

தாச்சி சூடேற இரண்டு நிமிடம், இறைச்சி வதங்க ஆறு நிமிடம், சலாது இலையைக் கழுவி உதற இரண்டு நிமிடம். பத்தே நிமிடத்தில் இராச்சாப்பாடு தயார். வேலை முடிந்து பதுளை பஸ் ஸ்டாண்டில் நெரிபட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிற பொம்பளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இந்தப் பத்து நிமிடச் சாப்பாட்டுக்காக நான் ஆறு மாதம் பொய் சொன்னேன். அதில் கடைசி ஐந்து நாள் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது.

எல்லாம் மகளின் ரத்தத்தில் தொடங்கியது. பதின்மூன்று வயது. படி ஏறினால் மூச்சு வாங்கும், வகுப்பில் மேசை மேல் தலையைச் சாய்த்துவிடுவாள். கிளினிக்கில் பார்த்துவிட்டு ரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். கொடுத்த மாத்திரையை விழுங்கிய அரை மணியில் அத்தனையும் வாந்தி. கீரை கொடுத்தேன், ஈரல் கொடுத்தேன், தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். நான் வேலை செய்வது ஒரு மருந்துக் கடையில். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்த வெளிறிப்போன முகத்தைப் பார்க்கும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

கடையில் என்னோடு நிற்கும் முஸ்லிம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒருநாள் தன் போனை என் முன்னால் நீட்டினார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி, அரைத்த மாட்டிறைச்சியை இஞ்சி, பூண்டு, சோயா சோஸ், கொஞ்சம் சீனி போட்டு வதக்கி, லெட்டஸ் என்று அவள் சொன்ன நம் சலாது இலையில் அள்ளிவைத்து, வெற்றிலை மாதிரி மடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு ரத்தம் கொறவு எண்டா இதச் செஞ்சு குடுங்க தங்கச்சி. எங்கட வீட்டுப் புள்ளையளுக்கு நான் இப்பிடித்தான் குடுக்குற. சோத்தத் தள்ளுற புள்ளையும் இலைய மடிச்சுத் திங்கும்."

"எங்க வீட்ல மாடா? அவுங்க என்னைய வீட்ட விட்டு வெரட்டிருவாங்க ராத்தா."

"மாடு எண்டு யாரு சொல்லச் சொன்ன?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவருடைய குடும்பம் நமுனுகுலவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். அங்கே மாரியம்மன் கோயிலில் முதல் தீச்சட்டி அவர்கள் வீட்டிலிருந்துதான் புறப்படும். மலையகத்தில் மாடு தின்கிற நம்மாட்கள் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அதனால் சோயா என்று சொன்னேன். கடையில் பைக்கற்றில் வரும் சோயாமீட்டைப் பொடித்துச் சமைத்தால் இப்படித்தானே இருக்கும்? வேலை முடிந்ததும் அரைத்த இறைச்சியை வாங்கி, அவர் வருவதற்குள் மஞ்சளும் இஞ்சியும் போட்டு அவித்து, சிவப்பு நிறம் போனபின் ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து பிரிட்ஜில் உறைய வைத்துவிடுவேன். பிறகு வேண்டும்போது எடுத்துத் தாளிப்பேன். வீடியோக்காரி எள்ளெண்ணெய் ஊற்றினாள். நம் நல்லெண்ணெய்தானே என்று விளக்குக்கு வைத்திருந்த போத்தலில் இருந்து நாலு சொட்டு விட்டேன். சாமிக்கும் மாட்டுக்கும் ஒரே போத்தல். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சலாது இலைக்குப் பஞ்சமில்லை. அவர் வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறவர். லீக்ஸ், கரட்டோடு உதிர்ந்த சலாதும் மடி நிறைய வரும். கரட்டைத் துருவி, லீக்ஸைப் பொடியாக வெட்டிப் போட்டு, மேலே தேசிக்காய் பிழிந்து கொடுத்தேன். மகள் முதல் நாளே நாலு தின்றாள். நான் அடுப்படிக்குத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சலாத மடிச்சுத் திங்க நான் என்ன ஆடா? எனக்குச் சோத்தப் போடு," என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அவர் தொடப்போவதில்லை.

ஆறு மாதத்தில் ரிப்போர்ட்டில் ரத்தம் ஏறியிருந்தது. மகள் படியில் ஓடினாள். அவர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆத்தா காப்பாத்திட்டா. புள்ள தேறினா தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். இந்தத் திருவிழாவுல எறங்கிருவேன்," என்றார். அவர் வேண்டிக்கொண்டது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் எனக்குத் தெரியாமல் ஒன்று செய்தார், நான் அவருக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். இரண்டில் எது பலித்தது என்று யாரால் சொல்ல முடியும்? எனக்கும் ஆத்தா மேல் பயமும் பக்தியும் உண்டு. இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் மிதிக்கும் நாள்வரை செருப்பில்லை, பாயில்தான் படுக்கை, பொழுது சாய விளக்கு வைத்தபின் ஒரே வேளை மரக்கறிச் சாப்பாடு. பூசாரியிடம் சொல்லிவிட்டு பதுளைக்கு வந்து வேலைக்குப் போனார். வெறுங்காலோடுதான் லொறி ஓட்டினார். அதற்கு முன்பே நான் வீடு முழுக்கக் கழுவி, சட்டிபானையை மஞ்சள் தண்ணீரில் அலசி வைத்திருந்தேன். ஐஸ் பெட்டியின் அடியில் மட்டும் ஒரு டப்பா மாடு மிச்சமிருந்தது. மகளின் வாய்க்கென்று வாங்கியதைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. திங்கட்கிழமை ராத்தாவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்துபோனேன். அடுத்த நாள் செவ்வாய். அம்மனுக்குரிய நாளில் அதைக் கையால் தொடுவதா என்று அப்படியே விட்டேன். பக்தி முற்றிப்போய்ச் செய்த முட்டாள்தனம் அது. அந்த வாரத்துக்கென்று உண்மையான சோயாவை ஊறவைத்துப் பிழிந்து இன்னொரு ஐஸ்கிரீம் டப்பாவில் பிரிட்ஜின் மேல் தட்டில் வைத்தவளும் நான்தான்.

புதன்கிழமை கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. நேரமாகிவிட்டது. மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா வந்துட்டாரும்மா. காலைலேருந்து பச்சத்தண்ணிதான். நான் சமைக்கவா? நீங்க செய்றத எத்தன தடவ பாத்திருக்கேன்."

"செய் தங்கம். ஐஸ்கிரீம் டப்பாவுல சோயா இருக்கு, எடு."

என் வாயாலேதான் சொன்னேன். பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் டப்பா இரண்டு என்பது ஞாபகம் வந்தது. திரும்பப் போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இறங்கி ஓடினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே நல்லெண்ணெயும் பூண்டும் மணத்தது. கழுவித் துடைத்த டப்பா ஒன்று தொட்டியருகே கவிழ்ந்திருந்தது. பிரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டில் இருந்த டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். சக்கை. சோயா. அப்படியென்றால் நான் எப்போதும் எடுக்கிற ஐஸ் பெட்டியிலிருந்து பிள்ளை மாட்டைத்தான் எடுத்திருக்கிறாள்.

"அப்பா ஏழு சாப்பிட்டாரும்மா! நான் எண்ணினேன்," என்று மகள் குதித்தாள். முதல்முறையாகச் சமைத்த பிள்ளை. அதன் முகத்தில் என்ன வெளிச்சம்! அவர் பாயில் காலை நீட்டியபடி, "சும்மா சொல்லக் கூடாது. ஒன் கையவிட இவ கை ருசிடி," என்றார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தை எடுத்து நீட்டினேன். நல்லவேளை, ராத்தா பிடித்துக்கொண்டார். சொல்லாமல் விட்டால் அவர் அசுத்தத்தோடு தீயில் இறங்குவார். சொன்னால் விரதம் முறிந்தது என்று காப்பை அவிழ்க்க வேண்டும். ஊர் முழுக்க என்ன ஏது என்று கேட்கும். அதோடு மகள் இனி அந்த இலையைத் தொடுவாளா? மறுபடியும் அந்த வெளுத்த முகமா? அவர் நடக்கும்போதெல்லாம் என் கண் அவருடைய பாதத்துக்கே போனது. கறுத்து, வெடித்து, கல்லும் முள்ளும் பார்த்த பாதம். இதுவா வேகப்போகிறது? என்னாலா?

சனிக்கிழமை காலை தோட்டத்துக்குப் புறப்படுமுன், பின்பக்கக் குழாயடியில் அவருடைய மஞ்சள் வேட்டியை அலசிக்கொண்டிருந்தேன். அவர் பல் துலக்கிக்கொண்டு நின்றார். மகள் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"என்னங்க, புதன்கிழம பாப்பா செஞ்சு குடுத்தது சோயா இல்ல."

"பின்ன?"

"மாடு."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தார்.

"ஏழு தின்னேன்ல?"

"ஆமா."

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளும் ஆறு மாசமா அதத்தான் திங்கிறா. சோயான்னுதான் சொல்லிக் குடுத்தேன்."

"ஆறு மாசமாவா?" அப்போதுதான் அவர் முகம் மாறியது. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. "எங்கிட்டக் கேட்டா வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சியா?"

"ஆமா."

அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். "சொல்லித்தான் இருப்பேன்," என்றார். "ஒரு நாளு சொல்லுவேன், ரெண்டு நாளு சொல்லுவேன். மூனாம் நாளு நானே போயி வாங்கிட்டு வந்திருப்பேன். எம் புள்ளடி அது."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வேட்டியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதேன். "அழாத, வேட்டி மறுபடி அழுக்காவுது," என்றுவிட்டு உள்ளே போனார். நமுனுகுல போகும் பஸ்ஸில் மகளை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அவர் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

கோயிலில் பூசாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சமைத்தது யார், டப்பா யாருடையது என்று எதையும் சொல்லவில்லை. "தெரியாம மாடு தின்னுட்டேங்க," என்றார், அவ்வளவுதான். பூசாரி நெற்றியைத் தேய்த்தார். "தெரியாமச் செஞ்சதுக்கு நான் என்னத்தச் சொல்ல? தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வா. பூக்கட்டி ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் இறங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. பிள்ளை கையால் எடுத்தால் நல்லது என்று மகளையே கூப்பிட்டார்கள். தீ மிதிக்கிறவர்களுக்கெல்லாம் இது வழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டு அவள் சும்மா போய் எடுத்தாள். எனக்கு எந்தப் பூவை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. சிவப்பு வந்தால் பாதம் தப்பும், மானம் போகும். வெள்ளை வந்தால் மானம் தப்பும், பாதம்?

வெள்ளை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை குழியில் தணல் பரப்பியிருந்தார்கள். தப்பு மேளம் அதிர்ந்தது. மறுகரையில் பால் ஊற்றிய பள்ளத்தின் அருகே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆத்தா, பொய் என்னுது. அவுங்கள விட்டுரு," என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. வேப்பிலையைக் கையில் பிடித்து ஐந்தாவது ஆளாக அவர் இறங்கினார். ஓடவில்லை, நடந்தார். எனக்கென்றால் அவர் பதுளையிலிருந்து நமுனுகுலவுக்கு நடந்து வருகிற மாதிரி இருந்தது. பாலில் கால் வைத்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். மகள் "அம்மா, கை வலிக்குது" என்ற பிறகுதான் அவள் விரலை எவ்வளவு இறுக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

இடது பாதத்தில் ஒரு கொப்புளம், பெருவிரலுக்குக் கீழே. அன்றைக்கு மிதித்தவர்களில் இன்னும் இரண்டு பேருக்குக் கொப்புளம். அவர்கள் ஒழுங்காக மரக்கறிச் சோறு தின்று விரதம் இருந்த ஆட்கள். அதைத் தேடித் தேடி விசாரித்துத் தெரிந்துகொண்டவள் நான். அப்படியும் மனம் ஆறவில்லை.

காப்பை அவிழ்த்து வீட்டுக்கு வந்தபின்னும் அவர் பேச்சில் உப்பில்லை. "தண்ணி", "சோறு", "சரி" — இவ்வளவுதான். புதன்கிழமை ஏழு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். மேசையில் சலாது ஒரு கட்டு, பக்கத்தில் கறுப்பு உறையில் ஒரு பொட்டலம். தொட்டேன். அரைத்த இறைச்சி. கொப்புளக் காலோடு இறைச்சிக் கடை வரை நொண்டிப் போயிருக்கிறார். நான் அதை அவித்து, அன்றைக்கு வேண்டியதைத் தாச்சியில் போட்டுவிட்டு, மிச்சத்தை டப்பாவில் அடைத்தேன். அவர் டப்பாவை என் கையிலிருந்து வாங்கினார். லொறியில் மூட்டைக்கு அடையாளம் போடும் மார்க்கரை எடுத்து, மூடியில் கொட்டை எழுத்தில் 'மாடு' என்று எழுதினார். இன்னொரு டப்பாவில் 'சோயா'. இரண்டையும் மகளுக்குத் தெரிகிற மாதிரி மேசை மேல் வைத்தார்.

மகள் வந்தாள். படித்தாள். தாச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளும்?"

"ஆமா தங்கம்," என்றேன்.

"அப்பாவுமா?"

அவர் இரண்டு கையையும் தூக்கி ஏழு விரலைக் காட்டினார். பிறகு தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

அவள் அவருடைய காலில் கொப்புளத்துக்குப் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். ஆறு மாதமாக நான் எதற்குப் பயந்தேனோ அது இதோ நடக்கப்போகிறது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகப்போகிறாள் என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு இலையை எடுத்தாள். இறைச்சியை அள்ளி வைத்தாள், மடித்தாள், கடித்தாள்.

"தேசிக்கா பத்தலம்மா," என்றாள். "இன்னுங் கொஞ்சம் பிழிங்க."