சுவெற்றரில தைச்ச மாதா முத்திரை

வசந்தி, உன்ர லெற்றர் பொக்சுக்குள்ள நேற்றும் ஒரு கடதாசித் துண்டு கிடந்ததே? ஓம் பிள்ளை, எங்கட மனிசன்ர வேலைதான். மூலை வீட்டு வெள்ளைக்காரி ஏதோ விளம்பரம் எண்டு நினைச்சு குப்பைக்குள்ள போடுறவவாம். நீ நல்ல பிள்ளை, சேர்த்து வைச்சுத் தாறாய். இதில இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். நீ இந்த நோபல் பார்க் பக்கம் குடி வர முதல், போன குளிருக்கு நடந்த ஒரு கதை இருக்கு.

இவர் ஊரில தபால்காரர். இப்ப ஞாபகம் எல்லாம் போட்டுது. சிலநேரம் என்னைத் தபால் கந்தோர்ப் பெரியவர் எண்டு நினைச்சு சல்யூட் அடிப்பார். நானும், "சரி சரி, போங்கோ" எண்டுவன். வேற என்ன செய்ய?

எங்கையும் துலைஞ்சு போனாலும் எண்டு, மகள் ஜெனி எங்கட அட்ரஸை எழுதி அவற்ர பொக்கற்றுக்குள்ள வைப்பாள். அட்ரஸ் எழுதின கடதாசி கையில இருந்தால் தபால்காரர் சும்மா இருப்பாரே? கொண்டுபோய் அம்பிடுற வீட்டுப் பெட்டிக்குள்ள போட்டிட்டு, கடமை முடிஞ்சுது எண்டு கதிரையில வந்து இருப்பார். ஜெனிக்கு அழுகை. எனக்குச் சிரிப்பு. பிறகு எனக்கும் அழுகை.

நான் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவள். எனக்குத் தெரிஞ்சது மாதாதான். முந்தி ஒருக்கால் எங்கட கோயில் திருவிழா ஞாபகமாய் மாதா படம் போட்ட முத்திரை அடிச்சவை. அது வந்த நாளையில இவர் கடிதங்களுக்குச் சீல் குத்தேக்க, மாதாவின்ர முகத்தில படாமல் ஓரமாத்தான் குத்துவார். பெரியவர் ஏசுவாராம், "என்ன காணும், சீலில பாதி கடுதாசியில கிடக்கு" எண்டு. இவர் கேட்டால்தானே. அதில ஒண்டைக் காசு குடுத்து வாங்கி எனக்கெண்டு கொண்டு வந்து தந்தவர். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலமெல்லாம் அது என்ர செபமாலைப் பைக்குள்ள இருந்தது.

இன்னொண்டு சொல்லவேணும். ஒட்டின முத்திரையைக் கழட்டுறது களவு எண்டு சொல்லுவார் இவர். பிள்ளையள் பழைய கடிதத்தில உரிச்சாலே பேச்சு விழும். அப்ப நான் என்ன செய்தனான், அந்த முத்திரையை ஒரு சின்ன பிளாஸ்டிக்குக்குள்ள வைச்சு, அவற்ர சுவெற்றர் நெஞ்சில தைச்சுவிட்டன். தொட்டுப் பாத்தார். கழட்டேல்லை. துண்டு நிக்காது, மாதா நிப்பா எண்டு நினைச்சன்.

ஒருநாள் நான் பின்வளவில உடுப்புக் காயப்போட்டிட்டு வந்து பாத்தால் ஆள் இல்லை. கேற் திறந்து கிடக்கு. அதுக்குள்ள மழையும் துவங்கிட்டுது. ஜெனி வேலையால ஓடி வந்தாள். பொலிசுக்குச் சொன்னாள். எங்கட தமிழ்ச் சுவாமிக்கும் போன் அடிச்சு, "ஃபாதர், அப்பாவைக் காணேல்லை, செபியுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, காரை எடுத்துக்கொண்டு ரெயில் ஸ்டேசன் பக்கம் தேடப் போனாள். நான் எங்க போய்த் தேட? எனக்கு ஒரு றோட்டுப் பேரும் வாசிக்கத் தெரியாது.

குசினி நிலத்தில முழங்காலில நிண்டன். செபம் ஒண்டும் வாயில வரேல்லை. இதுதான் வந்தது: "தாயே, இந்த மனிசன் உன்னை எத்தினை வீட்டுக்குப் பத்திரமாய்க் கொண்டுபோய்க் குடுத்தவர். உன்ர முகத்தில ஒரு சொட்டு மை படவிடேல்லை. இண்டைக்கு நீ அவரை ஒருக்கால் வீட்டை கொண்டு வந்து குடு."

பொழுதுபடேக்க ஜெனி ஓடி வாறாள். "அம்மா, ஏறுங்கோ காரில. அப்பா டண்டினொங்கில ஒரு சேர்ச்சில இருக்கிறாராம்."

பொக்கற்றில இருந்த துண்டை வழியில ஆற்றையோ பெட்டிக்குள்ள போட்டிட்டு, அவ்வளவு தூரமும் நடந்தே போயிருக்கிறார். தபால்காரக் கால்தானே. அங்க நெஞ்சில மாதாவோட நனைஞ்சு நிண்டவரை ஒரு பிலிப்பீன் பிள்ளை கண்டிருக்கு. தங்கட ஊரில திருநாளுக்கு மாதா படத்தை நெஞ்சில குத்திக்கொண்டு போறவையாம். இந்தத் தாத்தாவும் பூசைக்கு வந்து வழிமாறிட்டார் எண்டு நினைச்சு, காரில ஏத்தித் தன்ர கோயிலில கொண்டுபோய் விட்டிருக்கு. அங்கத்தையச் சுவாமி இவர் தமிழ் கதைக்கிறதைக் கேட்டிட்டு, எங்கட தமிழ்ச் சுவாமிக்குப் போன் எடுத்தவராம். அவருக்குத்தான் ஜெனி முதலே சொல்லிப்போட்டாளே.

நாங்கள் போகேக்க, தோளில துவாயும் கையில தேத்தண்ணியுமாய் முன் வாங்கில இருக்கிறார். என்னைக் கண்டவுடனை எழும்பி, "ரெஜிஸ்டர் தபால். கையெழுத்து வேணும்" எண்டார்.

ஜெனி பேனையை நீட்டினாள். அதை அவர் தட்டிவிட்டார். "அவவுக்குக் கையெழுத்து வராது" எண்டு சொல்லி, என்ர பெருவிரலைப் பிடிச்சு, தன்ர உள்ளங்கையில வைச்சு அமத்தினார்.

எல்லாம் மறந்த மனிசன், வசந்தி. என்ர கைநாட்டு மறக்கேல்லை. தாய்க்குத் தோத்திரம் சொன்னன், வேற என்னத்தைச் சொல்ல.

அதுக்குப் பிறகு அவரைத் தனிய விடுறேல்லை. வீட்டை விட்டு வெளிக்கிடாத நான், இப்ப தினமும் அவரோட தபால் போடப் போறன். எல்லாச் சனமும் எனக்கு ஹலோ சொல்லுதுகள். இஞ்ச நிரந்தரமாய் இருக்கக் கேட்ட உன்ர பிஆர் விசயத்தையும் மாதாவிட்ட ஒருக்கால் சொல்லிப் பாரன். நீ முருகனைக் கும்பிடுறனி, அதுக்கென்ன, அவ ஆளைப் பாக்கிறவ இல்லை. செபம் தெரியாட்டில் நான் கதைச்ச மாதிரிக் கதை.

ஐயோ, பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வருது. அங்க பார், ஆளும் துண்டோட உன்ர கேற்றடிக்குப் போறார். நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஓடி வாறன். அதுமட்டும் நீ போய், கையெழுத்து வைக்கப் பேனை தேடுற மாதிரி அவரோட நில்லு பிள்ளை.