திரும்பி வரும்போது மட்டும்

கட்டில் சக்கரத்தில் முடி சுற்றியிருந்தது. கட்டில்காரர் சாக்குத் தைக்கும் ஊசியால் அதை நெம்பி நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். நீளமான நரைமுடி. யாருடையது என்று அவர் யோசிப்பதில்லை. வாடகைக்குப் போன நோயாளிக் கட்டில் திரும்பி வந்தால் முதலில் சக்கரம், பிறகு பக்கக் கம்பிகள், பிறகு மெத்தையின் ரெக்சின் உறை, கடைசியில் தலைப்பக்கம் உயர்த்தும் கைப்பிடிக்கு இரண்டு சொட்டு எண்ணெய். இந்த வரிசை தப்பாது. தப்பினால் அடுத்த வீட்டில் சக்கரம் கிறீச்சிடும், படுத்திருப்பவருக்குத் தூக்கம் கெடும்.

வயது அறுபத்தொன்று. கீழே கொட்டகை, மேலே ஓர் அறை, வாசலில் ஒரு சின்ன சரக்கு வண்டி. கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வீடுகளுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்து, தேவை முடிந்ததும் எடுத்து வருவது தொழில். தேவை எப்படி முடிந்தது என்று கேட்பதில்லை. போனில் அவர்களும் சொல்வதில்லை. "எடுத்துட்டுப் போயிடுங்க" என்பார்கள், அவ்வளவுதான். இந்த வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றால் உள்ளே யாரோ படுத்துவிட்டார்கள் என்று தெருவுக்கே தெரியும். அதனால் அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் குறைவு. "நல்லா இருக்கீங்களா, வீட்டுப் பக்கம் வாங்க" என்று யாரும் சொன்னதில்லை. அவர் வராமல் இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது. அவருக்கும் அதில் வருத்தமில்லை, பழகிவிட்டது.

பழகாதது வேறு. கட்டிலைப் பூட்டுவது அவர் வேலை. நோயாளியை எப்படிப் புரட்ட வேண்டும், விரிப்பில் ஏன் சுருக்கம் இருக்கக் கூடாது, எத்தனை மணிக்கு ஒருதரம் பக்கம் மாற்ற வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது மனைவியின் வேலையாக இருந்தது. அவள் போய்ப் பத்து மாதம். இப்போது அதையும் அவரே சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் வேகமாகச் சொல்லிவிடுகிறார். இரண்டாவது கேள்விக்கு வீட்டார் வாய் திறப்பதற்குள் வாசலுக்கு வந்துவிடுவார்.

சத்தம் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

பெரிய சத்தம் இல்லை. வண்டியின் வேகம் ஐம்பத்தைந்தைத் தாண்டினால் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வரும். கூடவே ஒரு நடுக்கம், செருப்பு வழியாக உள்ளங்காலுக்கு ஏறும். எழுபதில் போய்விடும். காலையில் போகும்போது வராது. சரக்கை இறக்கிவிட்டு மாலையில் திரும்பி வரும்போது மட்டும் வரும். வண்டி சூடேறினால்தான் வருகிறது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மெக்கானிக்குகளிடமும் அப்படியே சொன்னார். ஒருவர் டயரைக் கழற்றிச் சமன் பார்த்தார். ஒருவர் சக்கர பேரிங்கை மாற்றினார். மூன்றாமவர் எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட ஷாஃப்டின் மூட்டுகளை, அவர்கள் கிராஸ் என்று சொல்வதை, புதிதாகப் போட்டார். நாலாமவர் கெட்டிக்காரர். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடேற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். கட்டில்காரர் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். இருவரும் ஏறி ஒரு சுற்று சுற்றினார்கள். வண்டி சமர்த்தாகப் போயிற்று. நாலாமவர் இறங்கும்போது வண்டியைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார்.

மகளும் அப்படித்தான் பார்த்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். ஊசி குத்துவது தெரியாமல் குத்துவாள், சொல்வதை மட்டும் தெரிகிற மாதிரி சொல்வாள். அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். காதுக்குள்ளேயே இரைச்சல் கேட்பது இந்த வயதில் உண்டு, தனியாக இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

"நாலு மெக்கானிக் பாத்தாச்சு, நாலு ரிப்போர்ட்டும் நார்மல். சத்தம் வண்டியில இல்லப்பா. காலி வீட்டுக்குத் திரும்பி வரீங்க பாருங்க, அப்ப மட்டும்தான் கேக்குது. இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கிட்டு ரோட்டுல வண்டி ஓட்டலாமா?"

நடுக்கம் காலில் தெரிகிறதே என்று அவர் சொல்லிப் பார்த்தார். காலுக்கும் டாக்டர் இருக்கிறார் என்றாள்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாதம் முடிவதற்குள் யாராவது அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் சரி. இல்லையென்றால் வண்டியை மருமகன் விற்றுவிடுவார், கொட்டகையைக் காலி செய்துவிட்டு அவர் மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவர் தலையாட்டினார். தலையாட்டியது மகளுக்குப் பயந்து அல்ல. அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. புத்தி தடுமாறியவர்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருவர்கூட தனக்குத் தடுமாறுகிறது என்று சொன்னதில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஐந்தாவது மெக்கானிக்கிடம் போனார். அவரை எல்லோரும் மெதுவு என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதிருக்கும். மற்றவர்கள் ஒரு மணியில் முடிப்பதை இவர் ஒரு நாள் செய்வார். அவசரக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. கட்டில்காரருக்கு அன்று அந்த வழியாகவே ஒரு முதியோர் விடுதிக்கு மூன்று கட்டிலும் நாலு சிலிண்டரும் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் எப்போதும் அப்படித்தான். வெறும் வண்டியாகக் கொட்டகையை விட்டுக் கிளம்பியதே இல்லை. பட்டறைக்குப் போவதென்றாலும் அந்தத் திசையில் ஒரு சரக்கு சேரும்வரை காத்திருந்துதான் போவார். எண்ணெயை வீணாக எரிப்பது அவருக்கு ஆகாது.

மெதுவு ஏறி உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தைந்து. ஒன்றுமில்லை. கட்டில்காரர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, வரும், சூடேறினால் வரும் என்றார். பட்டறைக்கு வந்ததும் மெதுவு, வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், சரக்கை இறக்குங்கள் என்றார்.

மற்ற நால்வரும் இறக்கச் சொன்னதில்லை. சிலிண்டர் இருக்கிறதே என்று சரக்கோடு குனிந்தே வேலையை முடித்திருந்தார்கள். கட்டில்களையும் சிலிண்டர்களையும் பட்டறைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார்கள். ஸ்கூட்டரோடு வந்த ஒரு வாடிக்கையாளர் கட்டில்களைப் பார்த்ததும், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிட்டார்.

"பாருங்கண்ணே, உங்களால எனக்கு ஒரு வேலை குறைஞ்சுது" என்றார் மெதுவு. அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

பகல் முழுக்க வண்டியின் அடியில் கிடந்தார். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. மூட்டுகள் புதிது, குறை சொல்ல முடியாது. கியர் பெட்டியின் எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், இரும்புத் தூள் இல்லை. சாயங்காலம் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, எதுவும் தப்பாகத் தெரியவில்லை என்றார். கட்டில்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். தைலம் தடவிய முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. கட்டில்களை ஏற்றலாமா என்று கேட்டார்.

ஏற்ற வேண்டாம் என்றார் மெதுவு. கைப்பிரேக் தளர்ந்திருந்ததை இறுக்கியிருக்கிறாராம். தான் தொட்ட வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் தரமாட்டாராம். இம்முறை அவரே ஓட்டினார். கட்டில்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை, காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஐம்பத்தைந்தில் அது வந்தது.

கட்டில்காரர் மெதுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவு மின்விசிறியை நிறுத்தினார். வேகத்தைக் குறைத்தார், போயிற்று. கூட்டினார், வந்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாக இன்னொரு மனிதரின் புருவம் அந்தச் சத்தத்துக்குச் சுருங்கியது.

"இதுவாண்ணே?"

"இதேதான்."

மெதுவு பட்டறைக்குத் திரும்பி, கட்டில், சிலிண்டர் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றச் சொன்னார். இருவரும் மூச்சு வாங்க ஏற்றினார்கள். அதே சாலை, அதே வேகம். சத்தம் இல்லை. இறக்கினார்கள், ஓட்டினார்கள். சத்தம் வந்தது.

"வெறும் வயித்துல வர வலிண்ணே இது" என்றார் மெதுவு. "நீங்க எல்லா டாக்டர்கிட்டயும் நல்லா சாப்பிட்டுட்டுப் போயிருக்கீங்க."

பிறகு பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்தார். அச்சின் மேல் அடுக்கியிருந்த ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று மட்டும் மற்றவை போலத் துருப்பிடிக்காமல் கறுப்பாக இருந்தது. இது எப்போது போட்டது என்று கேட்டார்.

ஏழெட்டு மாதம் இருக்கும் என்றார் கட்டில்காரர். முதலில் விசாரித்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் ஆச்சரியப்பட்டார்.

"நீங்க ரிப்பேரைத்தானே தம்பி கேட்டீங்க? அது ரிப்பேர் இல்லையே. பலத்துக்குப் போட்டது."

மனிதர்களும் இப்படித்தான். வியாதியை விலாவாரியாகச் சொல்வார்கள். நல்லதற்கென்று தாங்களாக விழுங்கிய மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள்.

மெதுவு விளக்கினார். கூடுதல் பட்டையால் வெறும் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது. அச்சு, ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. ஷாஃப்ட் ஒரு கோணல் முழங்கையோடு சுற்ற வேண்டியிருக்கிறது, அதனால் முனகுகிறது. பாரம் ஏறினால் அச்சு பழைய இடத்துக்கு வந்துவிடும், வலி போய்விடும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பட்டையை எடுத்துவிட்டால் தீர்ந்தது, ஒரு மணி நேர வேலை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நடைக்கு இரண்டு கட்டிலுக்குமேல் ஏற்றக் கூடாது. முன்பு அப்படித்தானே ஓட்டினீர்கள், எதற்குப் பட்டை போட்டீர்கள் என்று கேட்டார்.

கட்டில்காரர் பதிலைத் தேடி எடுத்தார். "ரெண்டு பேரா இருந்தப்ப ரெண்டு நடை போறது தெரியல தம்பி. அதே ரோட்டுல தனியா மறுபடி போக அலுப்பா இருந்துச்சு. மூணையும் ஒரேயடியா ஏத்திட்டா ஒரு நடையில முடிஞ்சிடும்னு போட்டேன்."

மெதுவு ஸ்பேனரை எடுத்தார். கட்டில்காரர் தடுத்தார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு எடுக்கலாம், ஒருவர் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். முதியோர் விடுதிக்குப் போன் செய்து ஒரு நாள் தவணை கேட்டார். கட்டில்களும் சிலிண்டர்களும் பட்டறையிலேயே இருந்தன. அன்று மாலை வெறும் வண்டியில் முனகலோடு வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் அதை ரசித்துக் கேட்டார் என்றே சொல்லலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மகள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன், ஏறு என்றார். அவள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அம்மா போன பிறகு அவள் அந்த வண்டியில் ஏறுவது அதுவே முதல்முறை. ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டே வந்தாள். நேர்ச்சாலை வந்ததும் அவர் கண்ணாடியை ஏற்றினார், மின்விசிறியை நிறுத்தினார், ஐம்பத்தைந்துக்குப் போனார்.

அவள் பேச்சை நிறுத்தினாள். உள்ளங்கையை இருக்கையில் வைத்தாள், பிறகு முன்பலகையில் வைத்தாள். நாடி பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள்.

"இருக்குப்பா" என்றாள்.

அவர் பட்டை விஷயத்தைச் சொன்னார். வெறும் வண்டி, பாரவண்டி, அச்சின் மூக்கு எல்லாம் சொன்னார். மெதுவு சொன்ன வெறும் வயிற்று வலியையும் சொன்னார். அவள் சிரித்தாள். வண்டி உங்களிடமே இருக்கட்டும், நான் சொன்னால் சொன்னதுதான் என்றாள். பரிசோதனைக் கூடத்தின் முன்னால் வண்டி நின்றும் இறங்கவில்லை.

"உங்களுக்குன்னு எங்க வீட்டு ரூம்ல இருந்த பீரோவை எல்லாம் நகத்தி வெச்சுட்டேன். ஜன்னலுக்குத் துணிகூட வாங்கிட்டேன்."

அவருக்குத் தன் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே ஏழு மாதம் போயிருந்தது. மகள் தன்னை எதற்காகக் கூப்பிட்டாள் என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். சரி என்றாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எட்டு மணிக்குள் ரத்தம் எடுக்க வேண்டிய ஆறு பேர் அவளுக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடியும் என்ற வேலையை மெதுவு இரண்டரை மணி நேரம் செய்தார். கட்டில்காரர் ஒருதரம் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தைந்து. எஞ்சின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் இருந்தன. அவர் எதிர்பார்த்த அளவுக்கு நிம்மதி வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டிய பழக்கம், இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து முதலில் சிலிண்டர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்து இரண்டு கட்டில்களை ஏற்றிக் கயிறு கட்டினார். மூன்றாவதைச் சுவரில் சாய்த்து, சக்கரம் உருளாமல் பூட்டினார். மத்தியானம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மெதுவிடம் சொல்லிவிட்டு, அதே சாலையில் கிளம்பினார்.