ஒழுகும் கூரையில் என் ஒரே வசனம்

எங்கள் ஊர் மலபோனில் யாரும் என்னைப் போர்ஃபிரியோ என்று கூப்பிடுவதில்லை. "என்ன நடிகரே, வண்டி மார்க்கெட்டுக்கு வருமா?" என்றுதான் கேட்பார்கள். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்தப் பட்டத்தை வாங்கித் தந்தது என் வாய்தான். 'ஒழுகும் கூரை' என்று டிவியில் வாராவாரம் ஒரு சிரிப்புத் தொடர் வந்தது. நாடே சோற்றுத் தட்டோடு அதன் முன்னால் உட்காரும். அதில் நான் நடித்தேன். நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை.

என் அத்தை செய்த பான்சிட் நூடுல்ஸை மூங்கில் தட்டில் வைத்து, என் வண்டியில் ஸ்டூடியோவுக்கு விற்கப் போயிருந்தேன். ஐஸ்க்ரீம்காரனாக நடிக்க வேண்டியவன் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டான். அவன் சட்டை எனக்குப் பொருந்தியது. என் தகுதி அவ்வளவுதான். காட்சி இதுதான்: கூரை பழுதுபார்க்க வந்தவன் என்று நினைத்து வீட்டுக்காரர் என்னை ஏணியில் ஏற்றுவார். "ஐயா, நான் ஐஸ்காரன், கூரைக்காரன் இல்ல!" என்று நான் கத்த வேண்டும். கத்தினேன்.

அது ஒளிபரப்பான அன்று பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அப்போது பக்கத்து ஊர் நவோதாஸில் இருந்த லூடிவினாவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் ஓடினேன்.

"பாத்தியா?"

"எங்க தெருவுலயும் கரண்ட் இல்லையே."

அவளையே கட்டிக்கொண்டேன். அவளும் நம்பவில்லை. டிவி நிலையத்தில் விசாரித்தால், டேப் விலை அதிகம் என்று அதன் மேலேயே வேறு எதையோ பதிந்துவிட்டார்களாம். என் தலைமேல் எந்தச் சமையல் நிகழ்ச்சி ஏறியதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

போன வருஷம் கிரிசெல்டா என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். பழைய டிவி தொடர்களில் தொலைந்துபோன பாகங்களைத் தேடிச் சேர்க்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். "ஐஸ்காரன் வர்ற பாகம் யார்கிட்டயும் இல்ல மாமா. சத்தம் மட்டும் கெடச்சாக்கூடப் போதும்" என்றாள். என்னை நம்பிய முதல் ஆள்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிழைப்பை விட்டுவிட்டுப் பழைய சாமான் கடைகளையெல்லாம் அலசினேன். அங்கிருந்த டேப்புகளில் யார் யாருடைய கல்யாணமோ, ஞானஸ்நானமோ கிடைத்தது. நான் கிடைக்கவில்லை.

"பெட்ரோல் போட்டு மானத்த வாங்குற மனுஷன் நீ ஒருத்தன்தான்" என்று லூடி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் அண்ணன் ஹெர்னானி சவுதியில் வெல்டராக இருந்து திரும்பியவர். அந்தக் காலத்தில் சவுதிக்குக் கடிதம் எழுதுவதைவிட, குடும்பமே ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பதிந்து கேசட்டாக அனுப்புவதுதான் வழக்கம். எல்லாக் கேசட்டையும் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார் மச்சான். ஒரு நாள் போன் செய்தார்.

"மாப்ள, ஒரு கேசட்ல அம்மா பேசறப்ப பின்னாடி டிவி ஓடுது. உன் தொடர்தான். வந்து கேளு."

கிரிசெல்டாவைக் கூப்பிட்டதோடு விட்டேனா? வண்டி ஸ்டாண்டையே கூப்பிட்டேன். பான்சிட் வேறு வாங்கினேன். லூடி மட்டும், "எனக்குத் தொவைக்கத் துணி கெடக்கு" என்று நழுவப் பார்த்தாள். கையைப் பிடித்து முன்னால் உட்காரவைத்தேன்.

கேசட் ஓடியது. மாமியார் பன்றி குட்டி போட்ட கதையைச் சொல்ல, பின்னால் டிவியில் ஒரே சிரிப்பு. ஏணியைச் சாத்தும் சத்தம். ரெக்கார்டர் பக்கம் காதைக் கொண்டுபோனேன்.

"ஐயா, நான் ஐ..."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இளம்பெண் லூடியின் கூச்சல்தான் கேட்டது. "அண்ணே! இவன்தான்! நான் சொன்னேன்ல, அந்த வண்டிக்காரன்! டிவில வர்றான்! ஐயோ, கட்ட மாதிரி நிக்கிறானே! நடிக்கவே வரல! அம்மா, நீ சும்மா இரு. அண்ணே, நான் இவனத்தான் கட்டிக்கப் போறேன். நான் பாத்தேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத."

ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. லூடி தன் அண்ணனை முறைத்தாள்.

"போதும்டி, பாவம். எத்தன வருஷம்தான் நானும் வாயக் கட்டிக்கிட்டு இருக்கறது?" என்றார் அவர்.

"கரண்ட் இல்லன்னியே?" என்றேன் நான்.

"பாத்தேன்னு சொல்லியிருந்தா மறுநாளே நடிக்கப் போறேன்னு கெளம்பியிருப்ப. அந்த நடிப்புக்கு ரெண்டு பேரும் பட்டினிதான் கெடந்திருப்போம்." அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பான்சிட் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதில் காரமே கிடையாது.

கிரிசெல்டா பக்கத்தில் வந்தாள். "மாமா, கம்ப்யூட்டர்ல போட்டு லூடி அத்தை குரலக் கொறச்சா உங்க வசனம் தெளிவாக் கெடைக்கும். செய்யட்டுமா?"

ஸ்டாண்டே என் வாயைப் பார்த்தது. இத்தனை வருஷம் நான் தேடியது அதைத்தான்.

"வேண்டாம்மா. அவ பேசறத அப்படியே விட்டுடு. கொறச்சுத்தான் ஆகணும்னா அந்த ஐஸ்காரனக் கொற."

லூடி முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பதான்யா உனக்குக் கொஞ்சம் நடிக்க வருது" என்றாள்.